பரமன் எட்டு

ஜூன் 9, திங்கள். 150/96

இந்த நோட்டு பிரஷர் எழுதுவதற்காக வாங்கியது. காலையில் எழுந்ததும் அளந்து, எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு வரச் சொன்னார் டாக்டர். எண்ணை எழுதிய பிறகு பக்கம் முழுக்கக் காலியாகக் கிடக்கிறது. கோடு போட்ட பக்கத்தைச் சும்மா விட எனக்கு மனசு வராது.

சரவணம்பட்டியில் எங்கள் கம்பெனி. நூற்றுப்பத்துப் பேர். வீடியோ கேம் செய்கிறோம் என்று சொல்வதைவிடப் பரமன் செய்கிறோம் என்று சொன்னால் சரியாக இருக்கும். ‘பட்டாக்கத்தி பரமன்’ ஆறு பாகம் வந்தாயிற்று, ஏழாவது ஆகஸ்டில் வருகிறது. பதிமூன்று வருஷமாக அவனுக்கு ஊரும் தெருவும் எதிரியும் அமைத்துக் கொடுப்பது நான். டிசைன் ஹெட் என்று பெயர். எல்லாப் பாகத்திலும் கதவை உதைத்துத் திறப்பான், பின்னால் ஒரு கூட்டம் ‘வந்துட்டான் பரமன்!’ என்று கத்தும், பத்துப் பேரை வெட்டுவான். அடுத்த கதவு.

ஏழில் புதுமை வேண்டும் என்று அவனுக்கு ஹெல்மெட் மாட்டியிருக்கிறோம். மீசை ஹெல்மெட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே நிற்கிறது. காலை முழுக்க அதற்கு மீட்டிங்.

வரும் வழியில் இன்வெர்ட்டருக்கு டிஸ்டில்டு வாட்டர் வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 12, வியாழன். 148/94

மீசை உள்ளே போய்விட்டது. இப்போது மூக்கைக் காணோம்.

ஜூன் 18, புதன். 152/96

‘புது யோசனை’ அறிவிப்பு வந்துவிட்டது. வருஷத்துக்கு ஒரு முறை, யார் வேண்டுமானாலும் சொந்தமாக ஒரு கேமின் மாதிரியைச் செய்து ஜூலை ஒன்பதாம் தேதி எம்.டி.க்குப் போட்டுக் காட்டலாம். பத்து நிமிஷம். பிடித்தால் கம்பெனியே எடுத்துச் செய்யும் என்பது விதி. நான்கு வருஷத்தில் எடுத்தது ஒன்றே ஒன்று, அதுவும் பரமன் பட்டம் விடுகிற கேம். அந்தப் பையன் முதலில் பட்டம் மட்டும்தான் வைத்திருந்தான்.

நான் எப்போதும் கலந்துகொள்வதில்லை. இந்த முறை ஜெபராஜ் விடவில்லை. புரோகிராமர், அம்பாசமுத்திரத்துக்காரன், என்னைவிடப் பத்து வயது சின்னவன். “வாங்கக்கா, செத்துப்போறதுக்குள்ள ஒரு தடவையாவது யாரையும் வெட்டாம ஒரு கேம் செய்வோம்” என்றான்.

அவனிடம் யோசனையும் இருந்தது. புயல் அடித்து ஓய்ந்த ஒரு ஊர், எங்கேயும் கரண்ட் இல்லை. ஆடுகிறவர் லைன்மேன். கம்பம் கம்பமாக ஏறி, அறுந்ததை இழுத்துக் கட்டி, ஒவ்வொரு வீடாக வெளிச்சம் கொடுக்க வேண்டும். விளக்கு எரிகிற ஜன்னலுக்குள் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பது தெரியும். தெருவுக்குத் தெரு பிள்ளைகள் ‘கரண்ட் வந்துருச்சு!’ என்று கத்தும். அவ்வளவுதான் கேம். எதிரி கிடையாது.

“அந்த லைன்மேன்ங்கறது யாரு?” என்றேன்.

“எங்கப்பாதான்” என்றான்.

அது நல்ல யோசனை. நல்ல யோசனையைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் முதலில் வருவது பயம்.

ஜூன் 22, ஞாயிறு. 144/92

ஜெபாவின் அப்பா சவரிமுத்து கண் பரிசோதனைக்குக் கோயம்புத்தூர் வந்திருக்கிறார். ஆபீஸ் பார்க்கிங்கில் அவரை நடக்கச் சொல்லி, நான்கு பக்கமும் ஃபோன் வைத்துப் படம் எடுத்தோம். இடது தோள் இரண்டு விரல்கடை கீழே இறங்கியிருக்கிறது. நடக்கும்போது உடம்பு முழுக்க அந்தப் பக்கமாகச் சாய்ந்து, காலை ஊன்றும்போது நிமிர்கிறது.

“நடக்கதுக்கு எதுக்கும்மா இம்புட்டுப் படம் புடிக்கிய?” என்றார்.

“உங்க நடைதாங்கய்யா கேம்ல வரப்போகுது.”

“நேரா நடந்து காட்டட்டுமா? இந்தத் தோளு சொன்ன பேச்சு கேக்காது. முப்பத்திரண்டு வருசமா கயிறும் சாமானும் இதுலதான கெடந்துச்சு.”

“ஐயோ, இப்படியே நடங்க. நேராவே நடக்காதீங்க” என்றேன். மனிதர் அப்படிச் சிரித்தார். போகும்போது, “எப்பம்மா வரும் இது? செல்லுல வருமா? எங்கூட வேல பாத்தவுகளுக்குக் காட்டணும்லா” என்றார். கண்டிப்பா வரும் என்று சொல்லிவிட்டேன். வாய் சும்மா இருந்ததா என்ன.

ஜூன் 27, வெள்ளி. 146/90

நடை சரியாகப் பொருந்திவிட்டது. இன்னும் முகமும் உடையும் வரையவில்லை. அதற்குப் பதில் சாம்பல் நிறத்தில் ஒரு மொட்டைப் பொம்மை நிற்கிறது. டம்மி என்போம். எந்தக் கேமும் முதலில் டம்மியை வைத்துத்தான் ஓடும், ஆள் பிறகு வருவான். முகமே இல்லாத அந்தப் பொம்மை தோளைச் சாய்த்து நடந்து வந்தபோது, பக்கத்து மேசைக்காரன் எட்டிப் பார்த்து “யாருங்க்கா இந்தப் பெரியவரு?” என்று கேட்டான். ஜெபா எழுந்து வெளியே போய் மூஞ்சி கழுவிக்கொண்டு வந்தான்.

‘கரண்ட் வந்துருச்சு’ கத்தல்தான் கிடைக்கவில்லை. டெஸ்டிங் பிரிவுப் பிள்ளைகள் ஆறு பேரை நிறுத்திக் கத்தச் சொன்னோம். பள்ளிக்கூட ஆண்டு விழா மாதிரி இருந்தது. நிஜமாகக் கரண்ட் போய் வர வேண்டும். ஆபீஸில் யூ.பி.எஸ்., வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர், யார் கத்துகிறார்கள் இப்போது?

டிஸ்டில்டு வாட்டர் இன்றும் வாங்கவில்லை.

ஜூலை 2, புதன். 148/94

இவர், என் வீட்டுக்காரர், பம்ப் செட் கம்பெனியில் சேல்ஸ். சாப்பிடும்போது கேமைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா பாரு கோதை, பம்ப் வாங்க வர்ற ஆளு புதுசா எதுனா குடுன்னா கேக்கறான்? போன தடவை வாங்குனதையே குடுங்கங்கறான். நாங்களும் கலரை மாத்திக் குடுக்கறோம். தண்ணி வருதில்ல?”

“இது பம்ப் இல்லீங்க.”

“உங்க எம்.டி.க்குப் பம்ப்தான்.”

கோபமாக வந்தது. ரசம் ஊற்றும்போது கொஞ்சம் வேகமாக ஊற்றினேன். அவர் சொன்னது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை, அதனால் வந்த கோபம்.

ஜூலை 4, வெள்ளி. 156/98

எம்.டி. தனசேகர் என் மேசைக்கே வந்தார். பதிமூன்று வருஷம் முன்னால் ஒரு பேக்கரி மாடியில் அவரும் நானும் இன்னொருவரும் மூன்று கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு பரமன் ஒன்றைச் செய்தோம். அதனால் என்னை இன்னும் அம்மிணி என்றுதான் கூப்பிடுவார்.

“நீங்களும் ஏதோ காட்டறீங்களாமா?”

“சின்னதா ஒண்ணுங்க.”

“காட்டுங்க, காட்டுங்க. நான் வேண்டாம்னு சொல்ற ஆளா? ஆனா அம்மிணி, நிலாக்கிணறு ஞாபகம் இருக்குதில்லீங்க?”

இருக்கிறது என்றேன். அவர் சிரித்தபடி போய்விட்டார். மிரட்டலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே விசாரித்தார். நிலாக்கிணறு பற்றி இங்கே எழுத வேண்டாம்.

ஜூலை 7, திங்கள். 154/96

பரமன் ஏழில் நூற்று நாற்பது பிழைகள் பாக்கி. அவன் ஒரு கதவை உதைக்கும்போது பக்கத்துக் கதவு விழுகிறது. மதியத்துக்கு மேல் லைன்மேன். கடைசி வீட்டுக்கு விளக்கு வந்தால் உள்ளே ஒரு பெண் பாதியில் நின்ற இட்லி மாவைக் கிரைண்டரில் அரைக்க மறுபடி உட்காருவாள். ஜெபாவின் யோசனை. ஒன்றுமே இல்லாத அந்த இடத்தில் எனக்கு அழுகை வருகிறது. எம்.டி.க்கு வருமா?

ஜூலை 8, செவ்வாய். 158/100

நாளை காட்ட வேண்டும். எல்லாம் தயார். சாயங்காலம் ஜெபா டீக்குக் கீழே போனான், நான் போகவில்லை. ஒரு சின்ன வேலை இருந்தது, முடித்தேன். ஆறு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டேன். துவைத்த துணி காயவில்லை.

ஜூலை 9, புதன். அளக்கவில்லை

எங்கள் முறை மூன்றரைக்கு. ஜெபா புதுச் சட்டை போட்டிருந்தான். எம்.டி. முதல் வரிசையில் ஃபோனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பெரிய திரையில் இருட்டான ஊர் வந்தது, மழைத் தண்ணீர் சொட்டியது. தெருமுனையிலிருந்து நம் ஆள் நடந்து வந்தான்.

டம்மி இல்லை, பரமன்.

மீசை, சிவப்புத் துண்டு, இடுப்பில் பட்டாக்கத்தி, எல்லாவற்றோடும் இடது தோளைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்தான். நடையைச் சோதிக்க எப்போதோ அவனை அதில் நிற்க வைத்திருப்போம், அந்தப் பழைய கோப்பு திறந்துவிட்டது போலிருக்கிறது. இந்த வேலையில் எல்லோருக்கும் நடப்பதுதான். ஒரு முறை ஒரு ராஜாவுக்குப் பதில் நாற்காலி பேசியிருக்கிறது.

எம்.டி. ஃபோனைக் கவிழ்த்து வைத்தார். கடைசி வீடு வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. விளக்கு எரிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார். “அம்மிணி! எட்டாம் பாகத்துக்கு என்ன பண்றதுன்னு ஆறு மாசமா மண்டைய ஒடச்சுட்டிருந்தேன். பரமன் ஊருக்கே வெளிச்சம் குடுக்கறான். இதுதானுங்க எட்டு!”

அறை முழுக்கக் கைதட்டல். ஜெபா திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜூலை 10, வியாழன். 160/100

படிக்கட்டில் ஜெபா நிறுத்தினான்.

“எப்பிடிக்கா வந்தான் அவன் அதுல?”

“பழைய கோப்பு போலருக்கு ஜெபா. நான் கவனிக்கல. மறந்துட்டேன்.”

“பரமன் தப்பா வந்துட்டான்னு அங்கேயே சொல்லிருக்கலாம்லா?”

“அவரு அவ்வளவு சந்தோஷமா இருந்தாரு. எப்படிச் சொல்றது?”

“சரிக்கா, மறதிதான, யாருக்கும் வரும்” என்று சொல்லிவிட்டு மேலே போனான். அவன் நம்பிவிட்டான். நிம்மதியாக இருக்க வேண்டும், இல்லையா?

ஜூலை 15, செவ்வாய். 158/98

பரமன் எட்டு என்று அதிகாரபூர்வமாக மெயில் வந்துவிட்டது. நாற்பது பேரைப் போட்டிருக்கிறார்கள். பதினெட்டு மாதம். ஏழு முடிந்ததும் இருபது பேரை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு இருந்தது, இனி அனுப்ப மாட்டார்கள். கேன்டீனில் ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்களாலதான்க்கா” என்றாள். அவளுக்குப் போன மாதம்தான் கல்யாணம் ஆனது.

மாற்ற வேண்டியவை என்று ஒரு பட்டியலும் வந்தது. எதிரி வேண்டும், கரண்ட் திருடுகிற ஒரு கும்பல் போடலாம். கம்பம் ஏறுவது மெதுவாக இருக்கிறது, பாயலாம். வீட்டுக்குள் நடக்கிறவற்றைக் குறைக்க வேண்டும். விளக்கு வரும்போது பிள்ளைகள் ‘வந்துட்டான் பரமன்!’ என்று கத்த வேண்டும். ஐந்தாவதாக ஒன்று: ஹீரோ ஏன் கோணலாக நடக்கிறான்? நிமிர்த்தவும். பொறுப்பு: பூங்கோதை.

ஜூலை 18, வெள்ளி. 156/98

நிமிர்த்தவில்லை. வேறு வேலை இருந்தது. கேஸ் புக் பண்ணினேன்.

ஜூலை 21, திங்கள். 162/102

செய்த மாற்றத்தைப் பொது சர்வரில் ஏற்றுவதைக் கமிட் என்போம். என்ன மாற்றினோம் என்று ஒரு வரியாவது எழுதாமல் சர்வர் ஏற்றுக்கொள்ளாது. பெயர், தேதி, மணி எல்லாம் கூடவே பதிவாகும், யாரும் அழிக்க முடியாது. யாரும் படிப்பதும் இல்லை. ‘சரி’, ‘மறுபடியும்’, ‘முருகா காப்பாத்து’ என்று வாய்க்கு வந்ததை எழுதுவார்கள்.

ஜெபா மதியம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தான்.

“அக்கா, அந்தப் பழைய கோப்பு எதுன்னு தேடுனேன். அப்பிடி ஒண்ணு இல்ல. எட்டாந்தேதி சாயங்காலம் அஞ்சு பத்துக்கு ஒரு கமிட் கெடக்கு. ஒங்க பேரு. டம்மிய எடுத்துட்டுப் பரமன வச்சிருக்கு. குறிப்புல ‘சும்மா’ன்னு எழுதிருக்கிய.”

லேப்டாப்பை என் பக்கம் திருப்பினான்.

“சும்மாவாக்கா?”

“டம்மியோட காட்டியிருந்தா அவரு ரெண்டு நிமிஷத்துல எந்திரிச்சுப் போயிருப்பாரு ஜெபா. உனக்குத் தெரியாது. நான் பாத்திருக்கேன்.”

“போயிருக்கட்டுமே! நம்ம கேம் நம்மகிட்ட இருந்துருக்கும்லா. நானும் நீங்களும் மொட்ட மாடியில ஒக்காந்தாவது செஞ்சிருப்போம்லா. எங்கப்பாட்ட கண்டிப்பா வரும்னு சொன்னியளே, இப்ப நான் என்னன்னு சொல்லுவேன்? மீச வச்சு கத்திய வச்சு நிக்கவனக் காட்டி, இதுதாம்ப்பா நீங்கன்னு சொல்லட்டா?”

குரல் உயரவேயில்லை. உயர்ந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

ஜூலை 22, செவ்வாய். 160/100

சரி, எழுதிவிடுகிறேன். நிலாக்கிணறு என் கேம். ஏழு வருஷம் முன்னால். கிணற்றுக்குள் விழுந்த நிலாவை எடுக்க ஒரு பெண் படி இறங்கிப் போகிறாள். இரண்டு வருஷம் செய்தோம். வாங்கியது நானூறு பேர். பார்த்தவர்கள் எல்லாரும் அழகு என்றார்கள், வாங்கவில்லை. அதன் பிறகு பதினான்கு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். யார் யார் என்று பெயர் எழுதிக் கொடுத்தது நான். அவர்களுடைய வேலை எனக்குத்தான் தெரியும் என்று எம்.டி. சொன்னார். வெள்ளைத்தாளில் ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டு எழுதினேன். என் பெயரை எழுதவில்லை.

அன்றிலிருந்து பரமன் கதவை உதைக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாகவும் இருக்கும், நூற்றுப்பத்துப் பேருக்குச் சம்பளம் வந்துவிடும் என்றும் இருக்கும். எட்டாம் தேதி ஜெபா டீக்குப் போனதும் அந்தத் தாள்தான் கண்ணில் நின்றது. ஆள் மாற்ற எத்தனை நேரமாகும்? இரண்டு கிளிக். இருபது பேர் வேலை தப்ப வேண்டும் என்றுதான் செய்தேன் என்று இன்று சொல்லிக்கொள்ளலாம். அந்த இருபது பேரைப் பற்றி அன்று நான் நினைக்கவே இல்லை. இன்னொரு முறை தோற்றுப்போக எனக்குத் தெம்பில்லை. அதுதான் உண்மை.

ஜூலை 25, வெள்ளி. 154/96

ஜெபா பேப்பர் போட்டுவிட்டான். திருநெல்வேலியில் ஏதோ பள்ளிக்கூட சாஃப்ட்வேர் வேலை. நோட்டீஸ் நாளுக்குப் பதில் பாக்கி லீவைக் கழித்துக்கொள்ளச் சொல்லி, திங்களே கடைசி என்று வாங்கிவிட்டான்.

“கேம நீங்களே வச்சிக்கோங்க. கம்பெனி சட்டப்படி அது கம்பெனியோடதுதான். எங்கப்பா நடைய மட்டும் குடுத்துருங்கக்கா. அவன் மேல அது கெடக்க வேண்டாம்.”

ஜூலை 28, திங்கள். 150/94

காலையில் பரமனை நிமிர்த்தினேன். தோள் இரண்டையும் சமமாக்கி, மார்பைக் கொஞ்சம் முன்னால் தள்ளினேன். பழையபடி ஜம்மென்று நடந்தான். சவரிமுத்து ஐயாவின் நடை இருந்த கோப்பை எடுத்து, டம்மியோடு சேர்த்து ஒரு பென் டிரைவில் போட்டு ஜெபாவிடம் கொடுத்தேன். சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். “வருதேன்க்கா” என்றான். வழக்கம்போல்தான் சொன்னான். நான் லிஃப்ட் வரைக்கும் போனேன்.

திரும்பி வந்து கமிட் செய்யும்போது சர்வர் கேட்டது, என்ன மாற்றம் என்று. எழுதினேன்: ‘ஜூலை 8 அன்று டம்மியை எடுத்துப் பரமனை வைத்தது நான். மறதி இல்லை, பயம். இந்தக் கேம் ஜெபராஜுடையது. நடை சவரிமுத்து அவர்களுடையது, திருப்பிக் கொடுத்துவிட்டேன். பூங்கோதை.’

ஏற்றுக்கொண்டது.

ஜூலை 30, புதன். 148/94

எம்.டி. கூப்பிட்டார். யாரோ காட்டிக்கொடுத்திருக்கிறார்கள், என் வரி அவர் திரையில் இருந்தது. வேலை போகும் என்று நினைத்தேன். போனால் போகட்டும் என்றும் நினைத்தேன். கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார்.

“நீங்க வெச்சதுதானுங்களா? நானும் ஏதோ தற்செயல்னு நெனச்சேன். அம்மிணி, அதுதானுங்க அனுபவம்ங்கறது! எதை வெச்சா ஓடும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க. அந்தப் பயம் இல்லீன்னா இந்த ஆபீசே இல்லீங்க.”

காபி வரவழைத்துக் கொடுத்தார். ஒன்பதையும் நானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். சர்க்கரை கூடுதலாக இருந்தது, குடித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

பரமன் ஏழு காலை பத்து மணிக்கு வெளியானது. மதியத்துக்குள் இரண்டு லட்சம் பேர் வாங்கிவிட்டார்கள். ஆபீஸில் கேக் வெட்டினார்கள், கேக்கின் மேல் மீசை.

சாயங்காலம் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கரண்ட் போனது. இன்வெர்ட்டர் ஒரு முறை கீச்சென்று கத்திவிட்டு நின்றுவிட்டது. தண்ணீர் ஊற்றினால்தானே. இவர் இருட்டில் தீப்பெட்டி தேடினார். டிரான்ஸ்ஃபார்மரே வெடித்துவிட்டதாம், தெருவிலிருந்து யாரோ சொன்னார்கள். எதிர் வீட்டு இன்வெர்ட்டரும் ஒன்றரை மணி நேரத்தில் அடங்கிவிட்டது. பிள்ளைகள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டன. ஒரு லைன்மேன் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார், எந்தத் தோள் என்று இருட்டில் தெரியவில்லை.

ஒன்பது மணிக்கு எரிந்தது. தெரு முழுக்க ஒரே சமயத்தில், “கரண்ட் வந்துருச்சூ!”

மடித்த துணியைக் கீழே போட்டுவிட்டு ஃபோனைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினேன். இரண்டாம் தெருவிலும் விளக்கு வந்து, அங்கேயும் பிள்ளைகள் கத்தியது சுத்தமாகப் பதிவானது. இதுதான், இதைத்தான் தேடினோம், நாளைக்கு ஜெபாவிடம் முதல் வேலையாக இதைக் கொடுக்க வேண்டும் என்று நினைத்து முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

இவர் வந்து, “ஏன் கோதை அழுவற, கரண்ட்தான் வந்துருச்சில்ல?” என்றார்.

இருந்தும் ஜெபாவுக்கு அனுப்பினேன். உடனே நீல டிக் வந்தது. இதுவரை பதில் இல்லை. பிரஷர் அளக்கவில்லை.